கொதிகலனுக்கு மேலே 14 நாட்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

1838 மார்ச் 31. லண்டன் தேம்ஸ் ஆற்றிலிருந்து 'கிரேட் வெஸ்டர்ன்' என்ற புத்தம் புதிய நீராவிக் கப்பல் பிரிஸ்டலுக்குப் புறப்பட்டது. அங்கே பயணிகளை ஏற்றிக்கொண்டு நேராக நியூயார்க் போக வேண்டும் என்பது திட்டம். கிளம்பிய சில மணி நேரத்திலேயே, கொதிகலனையும் புகைபோக்கியையும் சுற்றிப் போர்த்தியிருந்த கம்பளி உறை சூடு தாங்காமல் பற்றிக்கொண்டது. கப்பலை வடிவமைத்த பொறியாளர் பிருனெல் தீயணைக்கக் கீழே இறங்கினார். கருகிக் கிடந்த ஏணிப்படி அவர் கால் வைத்ததும் முறிந்தது. கீழே நின்றிருந்த சக அதிகாரி ஒருவர் மேல் விழுந்ததால்தான் அவர் உயிர் பிழைத்தார். செய்தி பிரிஸ்டலுக்குப் போனது. பயணச்சீட்டு வாங்கியிருந்தவர்களில் 50 பேர் வேண்டாம் என்று பின்வாங்கினார்கள். ஏப்ரல் 8-ஆம் தேதி அந்தக் கப்பல் அட்லாண்டிக்கில் இறங்கியபோது அதில் இருந்த பயணிகள் 7 பேர்.

அந்த 50 பேரைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் உத்தியோக காலம் முழுவதும் கப்பல் என்ஜின் அறையில் கழிந்தது. எரியும் உலைக்கு மேலே மரத்தளம் போட்டு, அதன் மேல் மனிதரைப் படுக்க வைத்து, நடுக்கடலில் இரண்டு வாரம் ஓட்டுவது எப்பேர்ப்பட்ட துணிச்சல் என்பது அந்த அறையில் நின்றவனுக்குத் தெரியும்.

அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து 'சிரியஸ்' என்ற சிறிய கப்பல் நான்கு நாள் முன்னதாகவே கிளம்பியிருந்தது. அது ஏப்ரல் 22 அன்று நியூயார்க்கைத் தொட்டது. கிரேட் வெஸ்டர்ன் மறுநாளே வந்து சேர்ந்தது, அதாவது 15 நாளில். அந்த நாளில் நல்ல பாய்மரக் கப்பலே மேற்கு நோக்கிப் போக ஐந்து, ஆறு வாரம் எடுத்துக்கொள்ளும். எதிர்க்காற்று வாய்த்தால் அதற்கும் மேலே. நீராவி கொடுத்தது வேகத்தை மட்டுமல்ல, இந்தத் தேதிக்குப் போய்ச் சேருவோம் என்ற உறுதியையும்தான். அந்த உறுதிக்காக மனிதர்கள் எதை எதையெல்லாம் சகித்துக்கொண்டார்கள் என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் கப்பலின் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். தொடக்க கால நீராவிக் கப்பல்களுக்குப் பின்புறத்தில் திருகு விசிறி கிடையாது. இரண்டு பக்கமும் ஆளுயரத்தைப் போல் பல மடங்கு பெரிய துடுப்புச் சக்கரங்கள். ஏரி போன்ற அமைதியான நீரில் அது அருமையாக வேலை செய்யும். அட்லாண்டிக்கில் நடப்பது வேறு. அலை கப்பலை ஒரு பக்கம் சாய்க்கும். சாய்ந்த பக்கத்துச் சக்கரம் நீருக்குள் ஆழமாக முங்கித் திணறும். எதிர்ப்பக்கத்துச் சக்கரம் தண்ணீரை விட்டு மேலே வந்து காற்றில் வெறுமனே சுழலும். அடுத்த அலையில் இது அப்படியே தலைகீழாகும். கப்பல் நேராகப் போகாமல், ஒரு கால் ஊனமான மாடு பூட்டிய வண்டி போல ஒவ்வொரு அலைக்கும் ஒரு பக்கமாக இழுத்து இழுத்துப் போகும். பாய்மரக் கப்பலிலும் ஆட்டம் உண்டு. ஆனால் பாயில் விழும் காற்றே அதை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து நிதானப்படுத்தும். துடுப்புச் சக்கரக் கப்பலில் அந்த நிதானம் குறைவு.

நிலக்கரி இன்னொரு தொல்லை. 1840-இல் சாமுவேல் கியூனார்ட் தபால் ஒப்பந்தம் பெற்று லிவர்பூலிலிருந்து ஹாலிபாக்ஸ் வழியாகப் பாஸ்டனுக்கு ஓட்டிய 'பிரிட்டானியா' ஒரு நாளைக்கு ஏறத்தாழ 38 டன் கரி தின்றது. இரண்டு வாரத்துக்கு வேண்டிய கரியை முதல் நாளே ஏற்ற வேண்டும். அதனால் கிளம்பும்போது கப்பல் நீருக்குள் அமிழ்ந்து கிடக்கும், சக்கரங்கள் தேவைக்கு மேல் ஆழத்தில் உழலும். கரி தீரத் தீரக் கப்பல் மேலே எழும்பும். கடைசி நாட்களில் சக்கரம் நீரை மேலோட்டமாகத்தான் தொடும். சரியான ஆழத்தில் அது ஓடுவது நடுவில் கொஞ்ச நாள்தான்.

அந்தக் கரியின் தூள் எங்கும் படிந்தது. புகைபோக்கியிலிருந்து மேல்தளத்தில் சாம்பலும் தீப்பொறியும் விழும். எந்திரத்தின் உராய்வுக்குப் பூசிய மாட்டுக்கொழுப்பு சூட்டில் உருகி நாறும். கப்பலின் அடியில் தேங்கிய கழிவுநீரின் வாடை ஒரு புறம். மேல்தளத்தில் கட்டிப்போட்ட ஆடு, பன்றி, கோழிகளின் வாடை மறுபுறம். குளிர்பதன வசதி வராத காலம் அல்லவா? இறைச்சி உயிரோடுதான் பயணம் செய்தது. பிரிட்டானியாவில் பாலுக்காக ஒரு பசுவையும் கொண்டுபோனார்கள்.

குளிர்காலத்தில் அறைகளின் வட்டச் சன்னல்களை அநேகமாகத் திறக்கவே முடியாது. திறந்தால் கடல் உள்ளே வரும். ஆகவே மேலே சொன்ன அத்தனை வாடையும் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். வெளிச்சத்துக்கு இரண்டு அறைகளுக்கு நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு விளக்கு. இரவு குறிப்பிட்ட நேரம் ஆனதும் பணியாள் வந்து அதை அணைத்துவிடுவார். தீ பற்றிய அச்சம்தான் காரணம். அதன் பிறகு விடியும் வரை கும்மிருட்டு. அந்த இருட்டில் மரச்சுவர்கள் முனகும் சத்தமும், பக்கத்து அறையில் யாரோ வாந்தி எடுக்கும் சத்தமும்தான் துணை.

இத்தனைக்கும் இது பணக்காரர்களின் பயணம். கிரேட் வெஸ்டர்ன் கப்பலில் ஒருவருக்குக் கட்டணம் 35 கினி. ஒரு கினி என்பது 21 ஷில்லிங். அன்றைய இங்கிலாந்தில் விவசாயக் கூலிக்கு வாரத்துக்குச் சுமார் 10 ஷில்லிங் கிடைத்தது. ஒன்றரை ஆண்டுக்குச் சாப்பிடாமல் சேர்த்தால் ஒரு சீட்டு வாங்கலாம்.

அப்படிப் பணம் கட்டிப் போனவர்களில் ஒருவர் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். 1842 ஜனவரியில், தம் மனைவி கேதரினுடன் பிரிட்டானியாவில் ஏறினார். லண்டனில் கப்பல் முகவரின் அலுவலகத்தில் வண்ணப்படம் ஒன்றைப் பார்த்திருந்தார். படத்தில் உணவுக்கூடம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீண்டு கிடந்தது. நேரில் போய்ப் பார்த்தால், பக்கவாட்டில் சன்னல் வைத்த பெரிய சவ வண்டி போலிருந்ததாக எழுதுகிறார். அவர்களுடைய அறையிலோ, கொண்டுபோன பெட்டிகளை உள்ளே நுழைக்கவே இடமில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு படுக்கைப் பலகைகள், கையகல மெத்தை. கப்பல் நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று அவர் புலம்பவில்லை. ஆனால் அதைப் படிக்கும்போது, விளம்பரப் படத்துக்கும் உண்மைக்கும் நடுவில் சிக்கிய ஒரு மனிதரின் திகைப்பு நமக்கு நன்றாகப் புரிகிறது.

அந்தப் பயணம் ஜனவரிப் புயலில் மாட்டிக்கொண்டது. உயிர்காப்புப் படகை ஓர் அலை ஒரே அடியில் நொறுக்கியது. துடுப்புச் சக்கரத்தை மூடியிருந்த பலகைகள் பிய்ந்து போயின. சக்கரம் வாரியடித்த தண்ணீர் நேராக மேல்தளத்தில் கொட்டியது. புகைபோக்கி முழுவதும் உப்புப் படிந்து வெளுத்துவிட்டது. இவற்றில் மாலுமிகளை அதிகம் கலங்கவைத்தது அந்தப் புகைபோக்கிதான். அது காற்றில் சாய்ந்தால், கீழே எரியும் உலையின் நெருப்பு மரத்தளத்துக்கு வந்துவிடும். நெருப்பில் அழிவதா, நீரில் அழிவதா என்ற கேள்வி வெறும் பேச்சாக இல்லாத இடம் அது. எல்லாம் தாண்டி ஹாலிபாக்ஸ் துறைமுக வாயிலுக்கு வந்தபோது கப்பல் சேற்றுத் திட்டில் தரைதட்டியது. பாஸ்டன் போய்ச் சேர்ந்தது ஜனவரி 22 அன்று. ஊர் திரும்பும்போது டிக்கன்ஸ் நீராவிக் கப்பல் பக்கமே போகவில்லை. ஜூன் மாதத்தில் பாய்மரக் கப்பல் ஒன்றில் ஏறி நிம்மதியாகத் திரும்பினார்.

கடல்நோய்க்கு அன்று மருந்து இல்லை. பிராந்தி, ஷாம்பேன், அபின் கலந்த சொட்டு மருந்து என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஜான் சாப்மன் என்ற லண்டன் மருத்துவர் 1860-களில் முதுகெலும்பின் மேல் பனிக்கட்டிப் பை கட்டினால் சரியாகும் என்றார். அன்றைய மருத்துவம் காரணத்தை வயிற்றிலும் முதுகெலும்பிலும் தேடிக்கொண்டிருந்தது. உண்மையான இடம் உள்காது. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1880-களின் தொடக்கத்தில் காது கேளாதோர் பலரை விசாரித்தார். அவர்களில் கணிசமானவர்களுக்கு எவ்வளவு சுழற்றினாலும் தலைச்சுற்றல் வரவில்லை என்று கண்டார். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளை குழம்புவதால் வருவதே இந்தக் குமட்டல். சன்னல் இல்லாத அறையில் படுத்திருந்தவருக்குத்தான் அது அதிகம். மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குறையும். ஆனால் அறையில் முடங்கிக் கிடந்தவர்களுக்குப் படி ஏறிவரத் தெம்பு ஏது?

இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொதுவான துன்பம். இனிச் சொல்லப்போவது பொதுவானதல்ல.

1845 ஆகஸ்ட். பாஸ்டனிலிருந்து கியூனார்ட் நிறுவனத்தின் 'கேம்பிரியா' லிவர்பூலுக்குக் கிளம்பியது. அதில் ஃபிரடெரிக் டக்ளஸ் இருந்தார். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டவர். அந்த நூல் வெளிவந்ததால் பழைய எசமானன் பிடித்துக்கொண்டு போகும் ஆபத்து இருந்தது, அதனால்தான் இங்கிலாந்து கிளம்பினார். முதல் வகுப்பு அறை கேட்டபோது, கறுப்பர் என்பதால் மறுத்தார்கள். கப்பலின் முன்பகுதியில், தாழ்ந்த வகுப்பில் இடம் கொடுத்தார்கள். அவருடைய வெள்ளைக்கார நண்பர் ஜேம்ஸ் பஃபம், முதல் வகுப்பில் போகத் தடையில்லாதவர், நண்பரோடு அங்கேயே பயணம் செய்தார்.

கரை சேர்வதற்கு முந்தைய நாள், சில பயணிகள் டக்ளஸை அடிமை முறையைப் பற்றிப் பேசும்படி அழைத்தார்கள். அவர் பேசத் தொடங்கியதும் அடிமை முறையை ஆதரித்தவர்கள் கூச்சலிட்டார்கள், கடலில் தூக்கி எறிவோம் என்று மிரட்டினார்கள். கேப்டன் ஜட்கின்ஸ், கலாட்டா செய்பவர்களை விலங்கிட்டுப் பூட்டுவேன் என்று சொல்லி விலங்குகளைக் கொண்டுவரச் சொன்ன பிறகே அடங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1847-இல், டக்ளஸ் அதே கேம்பிரியாவில் ஊர் திரும்புவதற்கு, முதல் வகுப்புக்கு முழுப்பணம் கட்டிச் சீட்டு வாங்கினார். லிவர்பூலில் கப்பலேறப் போனபோது அவருடைய இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது என்றார்கள். இந்த முறை லண்டன் பத்திரிகைகள் சும்மா விடவில்லை. இனி இப்படி நடக்காது என்று சாமுவேல் கியூனார்ட் பத்திரிகைக்கே கடிதம் எழுத வேண்டி வந்தது.

குறுகிய படுக்கையும் குமட்டலும் கரையேறியதும் மறந்துபோகும். பணம் கட்டியும் பந்தியில் உட்காரக் கூடாது என்று சொன்னது எப்படி மறக்கும்? பந்தியில் இடம் மறுப்பது என்ன என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஏழைக் குடியேறிகளைப் பற்றிச் சொல்லும்போது நியாயமாகப் பேச வேண்டும். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில், 1847-இல் மட்டும் கனடாவுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பாய்மரக் கப்பல்களில் புறப்பட்டார்கள். டைபஸ் காய்ச்சல் கப்பலோடு சேர்ந்து வந்தது. கியூபெக் அருகே குரோஸ் ஈல் என்ற, நோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைத்த தீவில் மட்டும் அந்த ஆண்டு 5,000 பேருக்கு மேல் புதைக்கப்பட்டார்கள். ஆறு வாரம் ஒரு தளத்தில் அடைந்து கிடப்பதற்கும் இரண்டு வாரம் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம் பல இடங்களில் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம். 1850-களில் வில்லியம் இன்மன் தம் நீராவிக் கப்பல்களில் குடியேறிகளை ஏற்றத் தொடங்கினார். 1860-களின் இறுதிக்குள் நியூயார்க் வந்த குடியேறிகளில் பெரும்பாலோர் நீராவியில்தான் வந்தார்கள். நீராவி அவர்களுக்கு வரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த வரம் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். ஸ்டீரேஜ் என்று சொல்லப்பட்ட அந்தத் தளத்தில் மெத்தை, போர்வை, தகரத் தட்டு, குவளை, கரண்டி எல்லாவற்றையும் பயணிகளே கொண்டுவர வேண்டும். அடுக்கடுக்கான மரப் பலகைகளில், பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சுக்காற்று மேலே படும்படி படுக்க வேண்டும். புயலடித்தால் மேல்தளத்துக்குப் போகும் வழியை மூடிவிடுவார்கள். தண்ணீர் உள்ளே வராமலிருக்க அது அவசியம்தான், ஆனால் காற்றும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். 1866-இல் லிவர்பூலிலிருந்து நியூயார்க் கிளம்பிய 'இங்கிலாந்து' என்ற நீராவிக் கப்பலில் காலரா புகுந்தது. ஹாலிபாக்ஸில் ஒதுங்கி, மக்னாப்ஸ் தீவில் நோயாளிகளை இறக்கினார்கள். 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போன உள்ளூர் மருத்துவர் ஜான் ஸ்லேட்டரும் அதே நோயில் போனார்.

1879-இல் எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் கிளாஸ்கோவிலிருந்து 'டெவோனியா'வில் போனார். ஸ்டீரேஜ் சீட்டு 6 கினி, இரண்டாம் வகுப்பு 8 கினி. எழுதுவதற்கு ஒரு மேசை வேண்டும் என்பதற்காக 8 கினி கொடுத்தார். அந்த இரண்டு கினிக்குக் கிடைத்தவை படுக்கை விரிப்பு, பீங்கான் தட்டு, கொஞ்சம் நல்ல சாப்பாடு, நடுவில் ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அப்பால் தகரத் தட்டுகள் உருளும் சத்தமும், நோயில் முனகுபவர்களின் குரலும், பயந்து அழும் பிள்ளைகளின் குரலும் அவர் படுக்கைக்குத் தெளிவாகக் கேட்டன. தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் அடிக்கடி போய் உட்கார்ந்து, அந்த மனிதர்களோடு பேசி, அவர்கள் பாடியதையும் ஏங்கியதையும் அவர் எழுதி வைத்தார். அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

விபத்துகளைப் பற்றி நீட்டிச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 1854 செப்டம்பரில் 'ஆர்க்டிக்' என்ற கப்பல் நியூபவுண்ட்லாந்து அருகே மூடுபனியில் வேறொரு கப்பலோடு மோதி மூழ்கியது. நீராவியால் சூடேற்றிய அறைகள், முடிதிருத்தும் நிலையம் என்று சொகுசுக்குப் பேர் போன கப்பல் அது. அதில் இருந்த உயிர்காப்புப் படகுகள் ஆறு. ஏறத்தாழ 400 பேருக்கு அவை போதவில்லை. தப்பியவர்களில் ஒரு பெண் கூட இல்லை, ஒரு குழந்தை கூட இல்லை.

கடைசியாக, நான் வேலை பார்த்த இடத்துக்கு வருகிறேன். பயணிகள் பட்டியலில் பெயரே வராதவர்கள் உலைக்கூடத்தில் இருந்தார்கள். பிரிட்டானியாவின் அந்த 38 டன்னும் மனிதக் கையால், மண்வாரியால் உலைக்குள் போனது. நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம். வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உலைக்கதவைத் திறக்கிற நேரத்தில் கப்பல் சாய்ந்தால் எரியும் கரி காலடியில் வந்து விழும். கடல்நீரையே காய்ச்சிய பழைய கொதிகலன்களில் உப்பு அடை அடையாகப் படியும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொதிக்கும் உப்புநீரை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் தகடு சிவந்து பிளக்கும். கப்பல்கள் வளர வளரப் பயணிகளுக்கு வசதி கூடியது, நாட்கள் குறைந்தன. உலைக்கூடத்திலோ கரியின் அளவுதான் கூடியது. 1884-இல் வந்த 'அம்ப்ரியா' ஒரு நாளைக்கு 300 டன்னுக்கு மேல் எரித்தது. அதுவும் மண்வாரியால்தான்.

பயணிகளின் வசதியில் பெரிய மாற்றம் 1871-இல் வந்தது. ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் 'ஓஷியானிக்' கப்பல் ஒரு பழைய வழக்கத்தை மாற்றியது. அதுவரை முதல் வகுப்பு அறைகள் கப்பலின் பின்கோடியில் இருந்தன. பாய்மரக் கப்பல் காலத்திலிருந்து அது கௌரவமான இடம். திருகு விசிறி வந்த பிறகு, அந்த இடத்தில்தான் அதிர்வு அதிகம். அலையில் பின்புறம் தூக்கும்போது விசிறி நீரை விட்டு வெளியே வந்து வெறியோடு சுழலும். படுத்திருப்பவரின் பற்கள் கிடுகிடுக்கும். ஓஷியானிக்கில் முதல் வகுப்பை ஆட்டம் மிகக் குறைவான நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய சன்னல்கள், குளியல் தொட்டிகள், பணியாளரைக் கூப்பிட மின்மணி என்று எல்லாம் வந்தன. அந்தக் காலத்துப் பத்திரிகைகள் வியந்து எழுதின, வியப்பதற்கு உரியதும்கூட.

காலியான இடங்கள் ஸ்டீரேஜுக்குப் போயின. தனியாக வந்த ஆண்களுக்கு முன்கோடி. பின்கோடியில், விசிறிக்கு மேலே, பிள்ளைகுட்டிகளோடு வந்த குடும்பங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.